இடக்காலின் வேலை

ஆரணி நகரில் நெசவாளர் தெருவழியே விடியற்காலையில் நடந்து செல்வோர்க்குக் காகத்தின் குரலுக்கு முன்பே தறியின் ஓசை கேட்கும். கமண்டல நாகநதியின் கரையிலுள்ள இவ்வூர் பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர்பெற்றது. தறியைக் காண வரும் வெளியூரார் நெசவாளரின் கைகளையே வியந்து நோக்குவர். நாடாவைச் செலுத்துவதும் அச்சை இழுத்து அடிப்பதும் கைகளின் தொழில் அல்லவா? ஆயின் குழித்தறியின் குழிக்குள்ளே, காண்போர் கண்ணுக்கு எட்டாத இருளில், இரண்டு கால்கள் ஓயாமல் மிதிகட்டைகளை மிதித்துக்கொண்டிருக்கும். கால் மிதித்தாலன்றி விழுது ஏறாது. விழுது ஏறினாலன்றிப் பாவிழைகள் பிரிந்து நாடாவிற்கு வழிவிடா. சேலை முழுவதையும் நெய்வதில் கையின் பங்கு எவ்வளவோ அவ்வளவு காலின் பங்கும் உண்டு. புகழ் மட்டும் கைக்கே போயிற்று.

மோட்டார்க் காரிலும் இவ்வாறு புகழ் பெறாமல் உழைக்கும் உறுப்பு ஒன்று உண்டு. அஃது ஓட்டுநரின் இடக்கால். வலக்கால் வண்டியை விரைவுபடுத்துகிறது, நிறுத்துகிறது. கைகள் வண்டியைத் திருப்புகின்றன. இடக்கால் கிளட்சு என்னும் மிதியை அமிழ்த்துவதும் விடுவதுமாகவே இருக்கின்றது. அவ்வொரு கால் வலுவிழந்தால் மற்ற மூன்று உறுப்புகளும் நலமாயிருந்தும் பழைய காரை ஓட்ட இயலாது. இதனை நான் நூல்வழியாக அறிந்தேன் அல்லேன். என் மாணாக்கர் ஒருவர் வழியாக அறிந்தேன்.

அவர் இவ்வூர்ப் பட்டு வணிகர் ஒருவரின் மைந்தர். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் அவருடைய இடக்காலைப் பற்றிக்கொண்டது. அக்காலத்தில் அந்நோய் ஊர்தோறும் இருந்தது. சொட்டு மருந்தின் பயனாக 2011-ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் அந்தக் காட்டுக் கிருமியால் எவரும் நோயுறவில்லை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோய் நீங்கிய நாடென அறிவித்தது. எனினும் முன்பே நோயுற்றவர்களின் கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. என் மாணாக்கர் காலில் இரும்புத் தாங்கி பூட்டி, ஊன்றுகோலுடன் வகுப்பிற்கு வருவார். செய்யுளை ஒப்பிப்பதில் அவரை வெல்வார் இல்லை. பிற்காலத்தில் தந்தையின் கடையை ஏற்று நடத்தினார். தந்தை விட்டுச்சென்ற 1968-ஆம் ஆண்டு அம்பாசிடர்க் கார் ஒன்றும் அவர்க்கு வந்து சேர்ந்தது. ஓட்டுநர் ஒருவரை அமர்த்திப் பின்னிருக்கையில் அமர்ந்தே அதில் சென்று வந்தார்.

ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "ஐயா, அப்பா ஓட்டிய வண்டியை நான் ஒரு முறையேனும் ஓட்ட வேண்டும். இந்தக் கியரை எடுத்துவிட்டுத் தானியங்கிக் கியர் வைக்க இயலும் என்கிறார்கள். வைத்தால் கிளட்சே வேண்டியதில்லையாம்" என்றார். "கிளட்சு என்றால் என்ன, தம்பி?" என்று நான் கேட்டேன். நாற்பதாண்டு பேருந்தில் சென்று வந்தவன் கேட்கக்கூடிய கேள்வியே அது. அன்று தொடங்கிய என் கல்வியைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

முதலில், காருக்குக் கியர் ஏன் வேண்டும்? பெட்ரோலால் இயங்கும் எஞ்சினுக்கு ஒரு குறை உண்டு. அது மெல்லச் சுழலும்போது வலுவின்றி இருக்கும். இன்னும் மெதுவாகச் சுழலச் செய்தால் நின்றே போகும். நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளாவது சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். ஆயின் நின்ற வண்டியின் சக்கரமோ சுழலாமல் இருக்கிறது. அதைப் புறப்படச் செய்வதற்குத்தான் மிகுந்த வலு வேண்டும். வலு மிகுதியாக வேண்டும் நேரத்தில் எஞ்சினிடம் வலு இல்லை என்பதே சிக்கல். நீராவிப் பொறிக்கு இக்குறை இல்லை. அசையாத நிலையிலேயே அது முழு வலுவோடு தள்ளும். சென்னைச் சிம்ப்சன் நிறுவனத்தில் 1903-ஆம் ஆண்டு சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். நீராவிக் காருக்குப் பொதுவாகக் கியர்ப் பெட்டி வேண்டுவதில்லை. மின்சாரக் காரும் இவ்வகையினதே. இடைக்காலத்தில் உலகை ஆண்ட பெட்ரோல் எஞ்சினுக்கே இந்த ஊன்றுகோல் தேவைப்பட்டது.

பத்துப் பற்கள் உள்ள சிறு சக்கரம் நாற்பது பற்கள் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று கொள்வோம். சிறியது நான்கு சுற்று வந்தால் பெரியது ஒரு சுற்று வரும். வேகம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. சுழற்றும் வலுவோ நான்கு மடங்காகப் பெருகுகிறது. செங்குத்தான பாறையில் ஏற மாட்டாதவன் சுற்றி வளைந்த படிகளில் எளிதாக ஏறிவிடுகிறான். நடை மிகுதி, சுமை குறைவு. கியர் செய்யும் உதவி அத்தகையது. போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் சமுனாமரத்தூருக்கு ஏறும் வண்டியைக் கேட்டுப் பாருங்கள். வளைவுதோறும் எஞ்சின் உரக்க முழங்கும். வண்டியோ ஆமைபோல் நகரும். அஃது இரண்டாம் கியர். சமநிலத்தில் நான்காம் கியருக்கு மாறியபின் முழக்கம் அடங்கி ஓட்டம் மிகும்.

ஒரு கியரிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும்போது எஞ்சினுக்கும் பற்சக்கரங்களுக்கும் இடையேயுள்ள தொடர்பைச் சிறிது நேரம் துண்டிக்க வேண்டும். இல்லையேல் சுழல்கின்ற பற்கள் ஒன்றோடொன்று மோதி நறநறவென்று அரைபடும். இவ்வாறு துண்டிப்பதும் பின் மெல்ல இணைப்பதுமே கிளட்சின் தொழில். இரண்டு வட்டத் தட்டுகள் விசைவில்லால் ஒன்றோடொன்று இறுக்கப்பட்டிருக்கும். மிதியை அமிழ்த்தினால் அவை பிரியும். விட்டால் மீண்டும் சேரும். சட்டென்று விட்டால் வண்டி குதித்து நின்றுவிடும். மெல்ல விட்டால், ஒரு தட்டு மற்றதன்மேல் சிறிது வழுக்கி, பின் இரண்டும் ஒன்றாய்ச் சுழலும். அந்த "மெல்ல" என்பதைக் கற்பதற்குத்தான் புதிதாக ஓட்டப் பழகுவோர் பல நாள் பாடுபடுகின்றனர்.

சறுக்கி நகரும் பற்சக்கரங்களால் கியர் மாற்றும் முறையை 1890-களில் பிரான்சு நாட்டுப் பனார்டு லெவாசோர் நிறுவனத்தார் வழக்கிற்குக் கொண்டுவந்தனர். அது முரட்டு முறைதான். சேர வேண்டிய இரு சக்கரங்களின் வேகத்தை முன்னதாகவே ஒன்றாக்கித் தரும் ஒத்திசைவுக் கியரை அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன் உருவாக்கினார். 1928-இல் காடிலாக் கார்களில் அது வந்தது. என் மாணாக்கரின் அம்பாசிடரில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களுக்கு அவ்வசதி உண்டு. முதற் கியருக்கு இல்லை. ஆகவே வண்டி முற்றும் நின்றபிறகே முதற் கியரில் இடவேண்டும். இது தெரியாமல் இட்டவர் எழுப்பும் ஓசை தெருமுனை வரைக்கும் கேட்கும்.

இனித் தானியங்கிக் கியரைக் காண்போம். அதன் தலைவாயில் ஒரு கப்பல். செருமானியப் பொறியாளர் எர்மன் ஃபோட்டிங்கர் 1905-ஆம் ஆண்டளவில் கப்பல்களுக்காக ஒரு கருவியை அமைத்தார். நீராவிச் சுழலி மிக விரைந்து சுழலும்; கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரை நன்கு தள்ளும். இவ்விரண்டையும் பற்சக்கரமின்றி நீர்மத்தால் இணைத்தார் அவர். இதனை அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றிற்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அது வீசும் காற்றால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். இரண்டிற்கும் இடையே கயிறும் இல்லை, பல்லும் இல்லை, காற்றே பாலம். காற்றிற்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டு விசிறிகளையும் ஒரே மூடிய கலத்தில் நெருக்கி அமைத்தால் அந்த இணைப்பு வலுவுடையதாகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எண்ணெயின் வீச்சுக் குறைவு. ஆதலால் வண்டி நின்றிருந்தாலும் எஞ்சின் அணைவதில்லை. விரைந்து சுழன்றால் வீச்சு மிகுந்து வண்டி புறப்படும். கிளட்சை மெல்ல விடும் காலின் நுட்பத்தை எண்ணெயே செய்துவிடுகிறது.

இரு விசிறிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சிறு விசிறியையும் வைப்பர். திரும்பி வரும் எண்ணெயைப் பிடித்து, எஞ்சின் சுழலும் திசையிலேயே அது திருப்பிவிடும். இதனால் புறப்படும் வேளையில் வலு ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகும். இவ்வமைப்பை முறுக்குவலு மாற்றி என்று கூறலாம்.

அதன் பின்னே உள்ள பற்சக்கரங்களும் வேறு வகை. நடுவில் ஒரு சக்கரம். அதனைச் சுற்றி மூன்று நான்கு சிறு சக்கரங்கள். அவற்றை வளைத்து உட்புறம் பற்களுடைய பெரிய வளையம். ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுவதுபோல் இருத்தலால் இதனைக் கோட்சக்கரம் என்பர். இதன் சிறப்பு யாதெனில், பற்கள் எப்பொழுதும் பூட்டியபடியே இருக்கும். பிரிப்பதும் சேர்ப்பதும் இல்லை. ஏதேனும் ஓர் உறுப்பைப் பட்டையால் இறுக்கிப் பிடித்து நிறுத்தினால் வேகம் மாறும். வேறோர் உறுப்பைப் பிடித்தால் வேறு வேகம். 1908-இல் வெளிவந்த போர்டு நிறுவனத்தின் டி வகைக் காரிலேயே கோட்சக்கரம் இருந்தது. ஆயின் பட்டையை இறுக்கக் கால் மிதிதான் வேண்டியிருந்தது. எந்நேரத்தில் எந்தப் பட்டையை இறுக்குவது என்பதை எண்ணெய் அழுத்தமே தெரிந்து செய்யுமாறு அமைத்தபோதுதான் அது தானியங்கி ஆயிற்று. வண்டியின் வேகத்தை ஒரு கருவி அளந்து அதற்கேற்ற அழுத்தத்தை அனுப்பும். ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார் என்பதை மற்றொன்று தெரிவிக்கும். இரண்டில் எது வெல்கிறதோ அதற்கேற்பக் கியர் மாறும். ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் 1939-இல் அறிவித்து, 1940-ஆம் ஆண்டு ஓல்ட்சுமொபில் கார்களில் அளித்த ஐட்ராமாட்டிக்கே பெருந்தொகையாகச் செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கி. அதனை ஆக்கிய குழுவின் தலைவரும் முன்னே கூறிய ஏர்ல் தாம்சனே. கியர் மாற்றுவதை எளிதாக்கியவரே பின்னர் கியர் மாற்றும் வேலையையே ஒழித்தார்!

இவ்வளவும் தெரிந்துகொண்டபின், அம்பாசிடரில் இதனை வைக்க முடியுமா என்று அறிய, என் மாணாக்கருடன் ஒரு முதிய மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் வண்டியின் அடியில் படுத்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "வைக்கலாம் ஐயா. ஆனால் கியரை மட்டும் மாற்றியதாக ஆகாது; வண்டியில் பாதியை மாற்றியதாகவே ஆகும்" என்றார். பின்பு ஒவ்வொன்றாக விரித்துரைத்தார்.

எஞ்சினின் பின்புறத்தில் கனத்த சமன்சக்கரம் இருக்கிறது. அதை நீக்கி மெல்லிய தகட்டை வைக்க வேண்டும். கியர்ப் பெட்டியை எஞ்சினோடு பிணைக்கும் திருகாணித் துளைகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் இடையே தடித்த தகடு ஒன்றைக் கடைந்து சேர்க்க வேண்டும். அதில் மயிரிழை பிசகினாலும் தண்டு அதிர்ந்து சில நாளில் எல்லாம் கெடும். தானியங்கிப் பெட்டி அகலத்தில் பெரியது. ஆகையால் தரைத் தகட்டின் நடுவேயுள்ள மேட்டை வெட்டி உயர்த்த வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை இடம் மாற்ற வேண்டும். பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட தண்டைக் குறைத்து மீண்டும் எடை சமன் செய்ய வேண்டும். எண்ணெய் சூடேறும், அதைக் குளிர்விக்கத் தனிக் குழாய்கள் வேண்டும். இன்றைய கார்களின் தானியங்கிப் பெட்டியை எடுத்து வைப்போமென்றால் அதற்குக் கட்டளையிடக் கணிப்பொறி வேண்டும். இவ்வண்டியிலோ கணிப்பொறி பேசும் மொழியை அறிந்த உறுப்பு ஒன்றுகூட இல்லை.

பொருத்தமான பெட்டி உலகில் இல்லாமலில்லை. அம்பாசிடரின் எஞ்சின் ஆங்கில நாட்டின் பி.எம்.சி. நிறுவனத்தாருடைய பி வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையைச் சேர்ந்த எஞ்சினே எம்.ஜி.பி. என்னும் காரிலும் இருந்தது. அக்காரில் 1967 முதல் 1973 வரை போர்க்-வார்னர் 35 என்னும் மூன்று வேகத் தானியங்கியும் விருப்பப் பொருளாக அளிக்கப்பட்டது. ஆகையால் அத்தகைய பெட்டியைத் தேடிப் பெற்றால் வேலை சிறிது எளிதாகும். ஆயின் அதுவும் ஐம்பதாண்டு முதுமை உடையது. அதற்குரிய பட்டைகளும் அடைப்பு வளையங்களும் கடல் கடந்துதான் வரவேண்டும். மேலும் இவ்வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஏறத்தாழ 55 குதிரைத் திறனே உடையது. எண்ணெயில் வழுக்கி வீணாகும் பங்கு போக எஞ்சிய வலுவோடு ஐவரை ஏற்றிக்கொண்டு மலை ஏற அது மூச்சு வாங்கும். இறங்கும்போதோ வேறு துன்பம். தாழ்ந்த கியரில் இட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் வழி இணைப்பில் அப்பிடிப்புத் தளர்வு. பழைய பறை வடிவப் பிரேக்குகளே அச்சுமையையும் தாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். எனக்கு அதுவே மிகவும் மனத்தில் தைத்தது. "பாட்டரி இறங்கிப்போனால் நாலு பேர் தள்ளிக் கிளப்பும் வழக்கம் இனி இராது ஐயா. எண்ணெய் அழுத்தம் எஞ்சினாலேயே வருவது. எஞ்சின் ஓடாவிட்டால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாவிட்டால் சக்கரத்திற்கும் எஞ்சினுக்கும் உறவு இல்லை. ஊரே கூடித் தள்ளினாலும் கிளம்பாது." அம்பாசிடர் என்றாலே நம்மூரில் தள்ளுவதற்கு முன்வரும் கைகளும் உடன் நினைவுக்கு வரும். மழைநாளில் அறிமுகமில்லாதவரும் வந்து தோள் கொடுப்பர். அந்த உறவும் கியரோடு போய்விடும் என்று நான் கருதியதில்லை.

அடுத்துச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் செய்தவர் வகுத்ததற்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. எனினும் உடற்குறை உடையவர் தம் பயன்பாட்டிற்காக வண்டியைத் தகவமைத்துக்கொள்ள அதே பிரிவு இடம் தருகிறது. பதிவு அதிகாரியின் ஒப்புதல் மட்டும் பெறவேண்டும். இது என் மாணாக்கர்க்கு ஏற்றதே. ஆயின் வேறொரு விதி எதிரே வந்து நின்றது. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெருமை வாகனங்கள் என்று தனியே பதியும் முறையை 2021-இல் நடுவணரசு ஏற்படுத்தியது. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாமல் மூல வடிவில் காக்கப்பட்டவையே அப்பெருமைக்கு உரியவை. அங்ஙனம் பதிந்த வண்டியை நாள்தோறும் சாலையில் ஓட்டலாகாது என்பது உண்மையே. ஆகவே என் மாணாக்கர் உடனே அதனை நாடவில்லை. என்றாலும் தரையை ஒருமுறை வெட்டிவிட்டால் அவ்வாயில் என்றைக்கும் அடைபட்டுவிடும்.

அன்றிரவு அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "ஐயா, தரையை வெட்டியபின் அஃது அப்பாவின் வண்டியாக இருக்குமா?" என்று கேட்டார். இலக்கணத்தில் ஐயம் கேட்டால் நூற்பாவைக் காட்டலாம். இதற்கு எந்த நூற்பாவைக் காட்டுவது?

ஆரணியில் பிறந்தவர்க்கு இக்கேள்வி புதிதன்று. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத தறியே கைத்தறி என்று வரையறுத்துச் சில துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த முதியவர் ஒருவர் தம் தறியில் ஒரு மோட்டாரைச் சேர்த்தால் அது கைத்தறியா, விசைத்தறியா? சேர்க்காவிட்டால் அவர் எத்தனை ஆண்டு மிதிப்பார்? இவ்விரு கேள்விகளையும் ஒரே திண்ணையில் இருவர் உரக்கக் கேட்பதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. தெலங்கானாவில் சிந்தகிண்டி மல்லேசம் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அங்கே நெய்வதற்கு முன் ஊடை நூலை முளைகளின்மேல் கையால் மாறிமாறிச் சுற்றும் வேலை ஒன்று உண்டு. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை கையை வீச வேண்டும். தம் அன்னை இலட்சுமி அவ்வேலையால் தோள்வலியுற்று வருந்துவதைக் காணப் பொறாத அவர், பல ஆண்டு முயன்று 1999-இல் அச்சுற்றும் வேலைக்கு மட்டும் ஒரு பொறி செய்தார். அன்னையின் பெயரையே அதற்கு இட்டார். தறியைத் தொடவில்லை. 2017-இல் அவர்க்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

இதனை நான் சொன்னபோது என் மாணாக்கர் நிமிர்ந்து அமர்ந்தார். "அப்படியானால் கியரைத் தொடாமல் கிளட்சுக்கு மட்டும் ஒரு பொறி இருக்காதா?" என்றார்.

இருந்தது, அதுவும் இதே வண்டியின் குலத்திலேயே இருந்தது. இந்துத்தான் மோட்டார்சு நிறுவனம் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்த அம்பாசிடருக்குத் தாய் வண்டி, ஆங்கில நாட்டு மாரிசு ஆக்சுபோர்டின் மூன்றாம் வரிசை. 1956-இல் வந்த அவ்வரிசையில் வேண்டுவோர்க்கு மானுமாட்டிக் என்னும் அமைப்பைச் சேர்த்துக் கொடுத்தனர். அதில் கிளட்சு மிதியே இல்லை. எஞ்சின் விரைந்து சுழலும்போது சுழற்சியால் விலகும் சிறு எடைகள் கிளட்சை இறுக்கும், மெதுவானால் தளர்த்தும். கியர்க் கோலில் ஓட்டுநரின் கை பட்டதும் ஒரு மின்விசை இயங்கி, எஞ்சினின் உறிஞ்சு வலுவால் கிளட்சைப் பிரிக்கும். கியரைத் தேர்ந்து மாற்றுவது மட்டும் ஓட்டுநர் கையில். அக்காலத்தில் அது நெடுநாள் நிலைக்கவில்லை. முழுத் தானியங்கி அதனை விழுங்கிவிட்டது. ஆயினும் அக்கருத்து அழியவில்லை. சாதாரணக் கியர்ப் பெட்டியையே வைத்துக்கொண்டு கிளட்சையும் கோலையும் பொறியால் இயக்கும் முறை 2014-இல் மாருதியின் செலேரியோ காரில் வந்து, குறைந்த விலைக் கார்கள் பலவற்றிலும் பரவியது. அவ்வாண்டிலேயே அம்பாசிடரின் உற்பத்தி நின்றது.

உடற்குறை உடையோர்க்கென இந்நாட்டில் செய்யப்படும் தானியங்கிக் கிளட்சுக் கருவிகளும் இக்குலத்தவையே. வட்டுருவான ஒரு குடுவை. அதனுள் ஒரு தோற்சவ்வு. அதிலிருந்து கிளட்சு மிதிக்கு ஒரு கம்பிவடம். எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலு குடுவையிலுள்ள காற்றை இழுக்க, சவ்வு உள்வாங்கி வடத்தை இழுக்கும், மிதி தாழும். கியர்க் கோலின் நுனியில் ஒரு சிறு பொத்தான். தரையை வெட்ட வேண்டியதில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். அம்பாசிடரில் கியர்க் கோல் கைச்சக்கரத்தின் அருகிலேயே இருப்பதால் பொத்தானுக்கான கம்பியைக் கொண்டுசெல்வதும் எளிது என்று மெக்கானிக் மகிழ்ந்தார். ஆயின் கிளட்சு மெல்லச் சேர வேண்டும் அல்லவா? காற்று மீண்டும் குடுவைக்குள் புகும் துளையைத் திருகிச் சிறிதாக்கியும் பெரிதாக்கியும் பார்த்ததிலேயே மூன்று நாள் கழிந்தது. முதல் நாள் வண்டி தவளைபோல் தாவியது. மூன்றாம் நாள் மாலையில் நெய்யில் நழுவுவதுபோல் நகர்ந்தது. மருத்துவர் சான்று, பதிவு அதிகாரியின் ஆய்வு, ஓட்டுநர் உரிமத் தேர்வு ஆகியவை நிறைவேறச் சில திங்கள் ஆயின.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்த வண்டி என் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் என் மாணாக்கர் இருந்தார். "ஐயா, ஏறுங்கள், படவேடு இரேணுகாம்பாளைக் கண்டு வருவோம்" என்றார். நான் முன்னிருக்கையில் அமர்ந்தேன். இரும்புத் தாங்கி பூட்டிய அவருடைய இடக்கால் ஓரமாகத் தரைமேல் கிடந்தது. அவர் கோலின் நுனியிலிருந்த பொத்தானை அழுத்தினார். எவருடைய காலும் படாமல் கிளட்சு மிதி தானே தாழ்ந்தது. அவர் கோலை முதற் கியருக்குத் தள்ளிப் பொத்தானை விட்டார். மிதி மெல்ல எழுந்தது. தெருவின் இருபுறத்துத் தறி ஓசையையும் கடந்து வண்டி போளூர்ச் சாலையில் திரும்பியது.